"கேட்டால் டேட்டா தருகிறோம்" என்று எழுதிவிட்டால் போதுமா?

வந்த கேள்வி, 4 ஜூன் 2025

டெங்கு கொசுப் புழுக்கள் பற்றி மூன்று ஊராட்சிகளில் வீடு வீடாகப் போய் எடுத்த சர்வே. கட்டுரையை ஜர்னல் ஏற்றுக்கொண்டுவிட்டது. இப்போது தரவு எங்கே கிடைக்கும் என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்கிறார்கள். "நியாயமான காரணத்தோடு கேட்டால் ஆசிரியர்கள் தருவார்கள்னு போடு, எல்லாரும் அதைத்தான் போடறாங்க" என்கிறார் கைடு. போட்டுவிடலாமா? எக்செல் கோப்பைச் சப்ளிமெண்டரியாக (கட்டுரையோடு இணைப்பாக) ஏற்றினால் என்ன லாபம், என்ன வம்பு?

4 ஜூன், இரவு

போடாதீர்கள்.

எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள் என்பது உண்மை. போட்டவர்கள் தருகிறார்களா என்று குரோஷிய ஆய்வாளர்கள் சிலர் சோதித்து 2022இல் வெளியிட்டார்கள். இதே வரியை எழுதியிருந்த 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் டேட்டாவைக் கேட்டார்கள். கடைசியில் கொடுத்தவர்கள் 122 பேர். நூற்றுக்கு ஏழு கூட இல்லை. மற்றவர்கள் பதிலே போடவில்லை, அல்லது ஏதோ காரணம் சொல்லி மறுத்தார்கள். இத்தனைக்கும் தருகிறோம் என்று தாங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள் இவர்கள்.

பலர் செய்த ஆய்வுகளைச் சேர்த்து மெட்டா அனாலிசிஸ் செய்வதுதான் என் பிழைப்பு. அதாவது, கேட்கும் பக்கத்தில் நிற்பவன். வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம். "அந்த ஸ்டூடன்ட் முடித்துவிட்டுப் போய்விட்டார்." "பழைய லேப்டாப்பில் இருந்தது." "இதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?" ஒரு துறைத்தலைவர், கட்டுரையில் என் பெயரையும் போட்டால் யோசிக்கலாம் என்று எழுதினார். அவராவது பதில் போட்டாரே என்று நினைத்துக்கொண்டேன்.

5 ஜூன்

"டேட்டாவைத் திறந்து வைத்தால் திருடிக்கொண்டு போவார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பயம் புதிதில்லை. 2016 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் தலையங்கத்திலேயே, அடுத்தவர் டேட்டாவை எடுத்து ஆய்வு செய்பவர்களை "ஆய்வு ஒட்டுண்ணிகள்" என்று சிலர் கவலையோடு அழைப்பதாக எழுதினார்கள். கிளம்பிய கூச்சலில் ஒரு நல்லது நடந்தது. அடுத்த ஆண்டே சிலர் ஒட்டுண்ணி என்ற பெயரிலேயே ஒரு விருதை ஏற்படுத்தி, பிறர் தரவை வைத்துச் சிறப்பாக ஆய்வு செய்தவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். புரத அமைப்புகளுக்கான வங்கி, பிடிபி, 1971இல் வெறும் ஏழு அமைப்புகளோடு தொடங்கியது. புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தால் அதன் அணுக்களின் ஆயத்தொலைவுகளை இந்த வங்கியில் போட்டுவிட்டுத்தான் கட்டுரை அச்சாகும் என்பது காலப்போக்கில் அந்தத் துறையின் பழக்கமாகிவிட்டது. இன்று இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கிறது. புரதத்தின் வடிவத்தை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவான ஆல்ஃபாஃபோல்டு கற்றுக்கொண்டது அதை வைத்துத்தான். 2024 வேதியியல் நோபல் அங்கிருந்து வந்தது. முப்பது வருஷத்துக்கு முன் ஏதோ ஒரு நொதியின் அமைப்பைப் போட்டுவிட்டுப் போனவரிடம் அனுமதி கேட்டு மெயில் அனுப்பிக்கொண்டிருந்தால் இது நடந்திருக்குமா?

5 ஜூன், கொஞ்சம் கழித்து

"நான் ஏழு சதவீதத்தில் ஒருவன், நான் கொடுப்பேன்" என்பவருக்கு: சந்தோஷம். 2040இலும் இதே மெயில் முகவரி இருக்குமா?

8 ஜூன்

மேலே கேட்டது கிண்டலுக்கு மட்டும் இல்லை. டிம் வைன்ஸ் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. செடி, விலங்குகளின் உடல் அளவுகளைப் பதிவு செய்த 516 கட்டுரைகள், 2 முதல் 22 வருஷம் பழையவை. ஆசிரியர்களைத் தேடி டேட்டா இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒவ்வொரு வருஷம் கூடும்போதும் டேட்டா பிழைத்திருக்கும் வாய்ப்பு விகிதம் 17 சதவீதம் குறைந்தது. யாரும் ஒளித்து வைத்ததால் அல்ல. முகவரி செத்துப்போகிறது, பிளாப்பியைப் படிக்க இயந்திரம் இல்லை, ரிட்டயர் ஆனவரின் பீரோவைத் துறையில் காலி செய்துவிடுகிறார்கள்.

மருந்துச் சோதனையையாவது காசு இருந்தால் திரும்பச் செய்யலாம். 1998இல் ஒரு குளத்தில் எத்தனை தவளை இருந்தது என்பதை இப்போது போய் எண்ண முடியாது. குளமே இருக்காது. இயற்கை அறிவியல்காரர்களுக்கு இந்த விஷயத்தில் மருத்துவக்காரர்களைவிட அவசரம் அதிகம் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். நடப்பில் மருத்துவத்தில்தான் சத்தம் அதிகம்.

உங்கள் கொசுப் புழு டேட்டாவும் தவளை வகைதான். கட்டுரையில் பிரெட்டோ குறியீடு மட்டும் இருக்கும் என்று நினைக்கிறேன். நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரங்களில் புழு இருந்தது என்ற ஒற்றை எண். அது சிமென்ட் தொட்டியா, டயரா, வாசலில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல்லா, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டா? பாத்திரவாரியான வரிசைகள் உங்கள் எக்செல்லில் மட்டும்தான் இருக்கின்றன. அடுத்த ஊராட்சியில் டயரை அப்புறப்படுத்துவதா, தொட்டிக்கு மருந்து ஊற்றுவதா என்று முடிவு செய்பவருக்கு வேண்டியது அதுதான். பிரெட்டோ குறியீட்டை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

9 ஜூன்

"லாபம் என்ன" என்ற கேள்விக்கு இன்னும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. மூன்று கதை.

ஒன்று, 2020 மே 22. கோவிட் நோயாளிகளுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து கொடுப்பது பற்றி லான்செட்டில் வந்த கட்டுரை. 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள், ஆறு கண்டங்கள். டேட்டா சர்ஜிஸ்பியர் என்ற கம்பெனியின் கையில். கட்டுரையில் ஆஸ்திரேலியாவில் இறந்ததாகக் காட்டிய எண்ணிக்கை, அதே தேதிவரை அந்த நாடு மொத்தமாகப் பதிவு செய்திருந்த கோவிட் மரணங்களைவிட அதிகம். தனியாக ஆட்களை வைத்துச் சரிபார்க்கலாம், டேட்டாவைக் கொடுங்கள் என்றபோது கம்பெனி மறுத்தது. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட நாட்களில் உலக சுகாதார நிறுவனமே அந்த மருந்துக்கான தன் சோதனையை நிறுத்தி வைத்து மறுபடி தொடங்கியது.

இரண்டு, கோவிட்டுக்கு ஐவர்மெக்டின். எகிப்திலிருந்து முன்வெளியீடாக, அதாவது ஜர்னல் சரிபார்க்கும் முன்பே இணையத்தில், வந்த ஆய்வு, மருந்து பிரமாதமாக வேலை செய்வதாகச் சொன்னது. லண்டனில் ஜாக் லாரன்ஸ் என்ற மருத்துவ மாணவர் படிப்புக்காக அதைப் பார்க்கப் போனார். டேட்டா இணையத்தில் இருந்தது, ஆனால் பூட்டுப் போட்டு. பாஸ்வேர்டை ஊகித்தார்: 1234. திறந்து பார்த்தால், ஆய்வில் ஆள் சேர்க்கத் தொடங்கியதாகச் சொன்ன தேதிக்கு முன்பே இறந்தவர்கள் உள்ளே இருக்கிறார்கள். ஒரே நோயாளியின் விவரங்களை நகல் எடுத்தது போன்ற வரிசைகளும் இருந்தன. 2021 ஜூலையில் அந்த முன்வெளியீடு நீக்கப்பட்டது. அதற்குள் அதைச் சேர்த்துச் செய்த மெட்டா அனாலிசிஸ்கள் உலகம் சுற்றி வந்துவிட்டன. என் தொழிலுக்கு அவமானம் இது. அச்சில் வந்த சராசரிகளை வாங்கிக் கூட்டினோம், அடியில் இருந்த வரிசைகளை ஒருவரும் பார்க்கவில்லை.

மூன்றாவது சிலந்தி. கூட்டமாக வாழும் சிலந்திகளின் நடத்தை பற்றிய கட்டுரைகள். கேட் லாஸ்கோவ்ஸ்கி என்ற ஆய்வாளர், சக ஆசிரியர் கொடுத்த டேட்டாவைத் திரும்பப் பார்த்தபோது வெவ்வேறு சிலந்திகளுக்கு ஒரே நேர அளவுகள் அச்சு மாறாமல் திரும்பத் திரும்ப வந்திருப்பதைக் கண்டார். 2020இல் தன் கட்டுரையைத் தானே திரும்பப் பெற்று, ஏன் என்று பொதுவில் விளக்கி எழுதினார். அந்தச் சக ஆசிரியரின் வேறு பல கட்டுரைகளின் கோப்புகள் ட்ரையாட் என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்தில் திறந்தே இருந்ததால் மற்றவர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். வரிசையாகக் கட்டுரைகள் விழுந்தன.

9 ஜூன், இரவு

"அப்படியானால் டேட்டா பகிர்வதே திருடனைப் பிடிக்கத்தானா, நேர்மையானவருக்கு என்ன?" நல்ல கேள்வி. மேலே சொன்ன கதைகள் சுவாரசியமானவை, அதனால் சொன்னேன். அன்றாடம் நடப்பது வேறு, சலிப்பானது. ஒரு கட்டுரையில் திட்ட விலக்கத்தை (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) கொடுக்காமல் விட்டிருப்பார்கள். ஆண், பெண் தனித்தனியாக வேண்டியிருக்கும்போது சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். அட்டவணையை பிடிஎஃப்பாக, அதுவும் படமாக ஒட்டியிருப்பார்கள். வரைபடத்தின் மேல் மவுஸை வைத்துப் புள்ளி புள்ளியாக எண்ணைப் பிடுங்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. என் வாழ்நாளில் கணிசமான பகுதி அதில் போயிருக்கிறது. அந்த எண்கள் எல்லாம் யாரோ ஒருவரின் எக்செல்லில் சுத்தமாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

10 ஜூன்

சரி, எக்செல். ஏற்றுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

மனித ஜீன்களில் செப்ட்2, மார்ச்1 என்று குறியீடுகள் இருந்தன. எக்செல்லில் அடித்தால் செப்டம்பர் 2, மார்ச் 1 என்று தேதியாகிவிடும். 2004இலேயே இதை எச்சரித்து ஒரு கட்டுரை வந்தது. 2016இல் மெல்போர்னில் மார்க் ஸீமனும் சகாக்களும் ஜீன் பட்டியலை எக்செல்லில் இணைத்திருந்த ஆயிரக்கணக்கான கட்டுரைகளின் சப்ளிமெண்டரி கோப்புகளைத் திறந்து பார்த்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை. பேர்பெற்ற ஜர்னல்களும் இதில் அடக்கம். 2021இல் திரும்ப, 11,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளில் பார்த்தார்கள். குறையவில்லை, 30 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இதற்கிடையே 2020இல் ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே பணிந்துபோய் மார்ச்எஃப்1, செப்டின்2 என்று பெயரை மாற்றியது. தானாக மாற்றுவதை நிறுத்தும் வசதியை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது 2023இல். மென்பொருளில் ஒரு பட்டன் வைப்பதைவிட மனிதனின் மரபணுவுக்குப் பெயர் மாற்றுவது சுலபமாக இருந்திருக்கிறது.

இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் கடைசியில் 15,841 கோவிட் தொற்றுகள் தினசரிக் கணக்கில் வராமல் போயின. பழைய எக்செல் வடிவத்தில் ஒரு தாளில் 65,536 வரிசைகள்தான். மிச்சம் சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டது. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் அத்தனை நாள் தள்ளிப்போனது.

உங்களுக்கு ஜீனும் இல்லை, அத்தனை வரிசையும் இல்லை. ஆனால் தேதி இருக்கும். 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்க அமைப்பில் உள்ள கணினிக்கு மார்ச் 4. கொசு ஆய்வில் ஒரு மாதம் என்பது ஒரு மழை. 2024-04-03 என்று ஆண்டை முன்னால் வைத்து எழுதிவிடுங்கள்.

13 ஜூன்

முதல் நாள் "போடாதீர்கள்" என்று ஒரே சொல்லில் முடித்ததைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். உங்கள் கோப்பில் வீட்டு ஜிபிஎஸ் இருக்கிறது என்று இப்போதுதான் சொல்கிறீர்கள். அதை அப்படியே ஏற்றக் கூடாது.

ஆறு தசம இடம் கொண்ட ஜிபிஎஸ் எண் வீட்டு வாசலைக் காட்டிக்கொடுக்கும். இரண்டு இடத்தோடு நிறுத்தினால் சுமார் ஒரு கிலோமீட்டர் மங்கும். ஊராட்சி அளவில் ஆய்வு செய்பவருக்கு அது போதும். இன்னார் வீட்டுத் தொட்டியில் புழு என்று ஊரில் பேச்சு கிளம்பாது. வயது, பாலினம், சாதி, தெரு நான்கும் சேர்ந்தால் பெயர் எதற்கு? சின்ன ஊரில் 94 வயதுப் பாட்டி ஒருவர்தான் இருப்பார். ஹிப்பா என்ற அமெரிக்க மருத்துவத் தகவல் ரகசிய விதியில் 89க்கு மேற்பட்ட வயதையெல்லாம் 90+ என்று ஒரே கூடையில் போடச் சொல்வது இதற்காகத்தான். லட்டான்யா ஸ்வீனி 1990களிலேயே, பெயர் நீக்கப்பட்ட மருத்துவமனைப் பதிவுகளையும் வாக்காளர் பட்டியலையும் பக்கத்தில் வைத்து மாசசூசெட்ஸ் ஆளுநரின் மருத்துவப் பதிவைக் கண்டுபிடித்துக் காட்டினார். ஆளுநருக்கே அந்தக் கதி.

விலங்குகளுக்கும் இதே சிக்கல் உண்டு. கோனியூரோசாரஸ் லூயி என்ற சீனப் பல்லியினத்தை 1999இல் விவரித்து இடத்தையும் போட்டார்கள். செல்லப்பிராணி வியாபாரிகள் கட்டுரையையே வழிகாட்டியாக வைத்துப் போய், அந்த இடத்தில் இனத்தையே துடைத்துவிட்டார்கள். நம் பக்கத்தில் ஆந்திராவின் நந்தியால் காடுகளில் உள்ள "கூட்டி டரான்டுலா" என்ற நீலநிறச் சிலந்திக்கும் அதே வியாபாரத்தால் ஆபத்து. பறவை பார்ப்பவர்கள் பதிவிடும் ஈபேர்டு தளம் இப்படிப்பட்ட இனங்களின் இடத்தை மறைத்துத்தான் காட்டுகிறது.

13 ஜூன், பின்குறிப்பு

ஆனால் "நோயாளியின் ரகசியம்" என்ற சாக்கையும் பார்த்திருக்கிறோம். நாள்பட்ட சோர்வு நோய்க்கான பேஸ் என்ற சிகிச்சைச் சோதனை, லான்செட் 2011. பிரிட்டனின் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆஸ்திரேலிய நோயாளி ஒருவர் டேட்டா கேட்டார், பெயர் விவரம் இல்லாமல். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகம் மறுத்து, வழக்குக்கு மட்டும் இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல் செலவழித்தது. 2016இல் தீர்ப்பாயம் கொடுக்கச் சொல்லிவிட்டது. வந்த டேட்டாவை முதலில் திட்டமிட்ட அளவுகோலின்படி கணக்கிட்டால் "குணமடைந்தவர்கள்" விகிதம் பெரிதாகச் சரிந்தது.

ஆக, மறைக்க வேண்டியது எந்த நெடுவரிசை, ஏன் என்று சொல்லி அதை மட்டும் மறையுங்கள். கோப்பு முழுவதையும் பூட்டிவிட்டு ரகசியம் என்றால் நான் நம்ப மாட்டேன்.

14 ஜூன்

எதிக்ஸ் கமிட்டி என்ன சொல்லும் என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். ஒப்புதல் படிவத்தில் என்ன எழுதி வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. "தகவல்கள் இந்த ஆய்வுக்கு மட்டும்" என்று எழுதியிருந்தால் கை கட்டப்பட்டதுதான். கமிட்டியிடம் திரும்பப் போக வேண்டும். அடுத்த ஆய்வுக்குப் படிவம் அச்சடிக்கும் முன்பே, அடையாளம் நீக்கிப் பிற ஆய்வாளர்களோடு பகிரலாம் என்ற வரியைத் தமிழில், படிக்கிறவருக்குப் புரிகிற மாதிரி சேர்த்துவிடுங்கள்.

19 ஜூன்

"இந்தியாவில் அரசே தருவதில்லை, மாணவனை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள்?" நியாயம்தான். 2021 ஏப்ரல் இறுதியில், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, ஐசிஎம்ஆரிடம் உள்ள பரிசோதனை விவரங்களைத் திறந்துவிடுங்கள் என்று முந்நூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் பிரதமருக்கு எழுத வேண்டியிருந்தது. பிறகு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. ஃபரீதாபாதில் 2022இல் இந்திய உயிரியல் தரவு மையம் திறந்தார்கள். பத்தாயிரம் இந்தியர்களின் மரபணுத் தொகுதி அங்கேதான் இருக்கிறது, விண்ணப்பித்துப் பெறும் முறையில். வானிலைத் துறையின் கட்டம் கட்டமான மழை அளவுகளை இன்று யாரும் இறக்கிக்கொள்ளலாம். உங்கள் புழுக் கணக்கோடு அந்த மழையைச் சேர்த்துப் பார்க்க எவருக்காவது தோன்றும். உங்களுக்கே தோன்றலாம்.

22 ஜூன்

கோப்பை எனக்குத் தனியாக அனுப்பி "சரியா பாருங்க" என்றவருக்கு. மூன்று விஷயம்.

"வி7_2" என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது. என்ன அது? ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு வரி விளக்கம், அலகு, 99 என்றால் "தெரியாது" என்பதா 99 புழுவா என்ற விவரம், இதையெல்லாம் தனித் தாளில் எழுதுங்கள். யார் எழுத முடியும்? அதை அடித்த ப்ராஜெக்ட் அசிஸ்டன்ட்தான். ஒப்பந்தம் முடிந்து அவர் போவதற்குள் கேட்டுவிடுங்கள். எனக்கு வரும் "டேட்டா இருக்கு, ஆனா புரியல" என்ற மெயில்கள் எல்லாம் இப்படி ஒருவர் போன பிறகு எழுதப்பட்டவை.

ஊர்ப் பெயர்கள். ஒரே ஊருக்கு நான்கு எழுத்துக்கூட்டு ஆங்கிலத்தில். கணினிக்கு அவை நான்கு ஊர். 2011 கணக்கெடுப்பின் ஆறிலக்கக் கிராமக் குறியீட்டைப் பக்கத்தில் போடுங்கள்.

குறிப்புகள் என்ற நெடுவரிசை பாமினி எழுத்துருவில் இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். நம் மாவட்ட அலுவலகங்களிலிருந்து வரும் பழைய கோப்புகள் பாதி இப்படித்தான். யூனிகோடுக்கு மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிடும்.

27 ஜூன்

கைடு ஒத்துக்கொண்டாராம், இன்னொரு கட்டுரை இதே டேட்டாவில் வரும்வரை பொறுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. தப்பில்லை. ஸெனோடோ என்ற தரவுக் களஞ்சியத்தில் ஏற்றினால் (ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் 2013இலிருந்து நடத்துகிறது, காசில்லை) இன்ன தேதியில் திறக்கட்டும் என்று சொல்லிவிடலாம். டிஓஐ எண் (கோப்புக்கான நிரந்தர அடையாள எண்) இப்போதே கிடைக்கும், ஜர்னலுக்கு அதை எழுதிக் கொடுங்கள். பிழை தெரிந்தால் இரண்டாம் பதிப்பாக ஏற்றலாம், பழையதும் அப்படியே இருக்கும். ஜர்னல் தளத்தில் இணைப்பாக மட்டும் விட்டால் இந்த வசதிகள் கிடைக்காது. உரிமத்துக்கு சிசி பை போதும். எடுப்பவர் உங்கள் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

வீடு வீடாகப் போன இரண்டு அசிஸ்டன்ட்களின் பெயரைக் கட்டுரையில் சேர்க்க முடியவில்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். ஸெனோடோ படிவத்தில் பங்களித்தவர்கள் பகுதியில் "தரவு சேகரித்தவர்" என்று தனிப் பொறுப்பே இருக்கிறது. இருவரையும் அதில் போடுங்கள். இனிஷியல் முன்னால் வர வேண்டுமா பின்னாலா என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.